நீட்டில் மார்க் குறைந்துவிட்டதா? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

குடியாத்தம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். நீட் முடிவு வந்த இரவு எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "சார், இந்த மார்க்குக்கு சீட் கிடைக்குமா?" மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தது, என்ன சமூகம், பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு வாங்கியது, வீட்டில் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்ற நான்கும் தெரியாமல் நான் வாய் திறப்பதில்லை. ஒரே மார்க் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனதையும், இன்னொருத்தி எந்தப் பட்டியலிலும் வராமல் நின்றதையும் ஒரே வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

தறி, பீடி, தோல் தொழிற்சாலை, விவசாயக் கூலி என்று உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்து, முதல்முறையாகக் கவுன்சலிங் பக்கம் போகும் வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆம்பூரானாலும் ஆற்காடானாலும் ஜவ்வாது மலையானாலும் வழி ஒன்றுதான்.

முதல் இரண்டு நாள்

முடிவு வந்த அன்றும் மறுநாளும் பணம் தொடர்பான எந்த முடிவும் எடுக்காதீர்கள். யாருக்கும் முன்பணம் தராதீர்கள், நிலத்தின் மேல் கடன் பேசாதீர்கள், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் ஒருவர் கூடவே இருங்கள். சாப்பிட வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை அந்த வீட்டில் பேச வேண்டாம். மனம் ரொம்பவும் உடைந்து போயிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கும், தமிழ்நாடு அரசின் 104-க்கும் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. முடிவு நாளில் ஒரு பிள்ளைக்கு வேண்டிய முதல் உதவி அதுதான்.

மார்க்கை விட்டு ரேங்க்கைப் பாருங்கள்

மூன்றாம் நாள் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீட் 720 மார்க்குக்கு. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மார்க் கூடும், தவறான விடைக்கு 1 குறையும்.

முதலில் பார்க்க வேண்டியது தகுதி பெற்றாயிற்றா இல்லையா என்பதை. பொதுப்பிரிவுக்கு 50-ஆவது பெர்சன்டைல், அதாவது எழுதிய நூறு பேரில் ஐம்பது பேருக்கு மேலே வர வேண்டும். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 40-ஆவது பெர்சன்டைல். இது மார்க்காக ஆண்டுதோறும் மாறும். 2024-ல் பொதுப்பிரிவுக்கு 162, மற்றவர்களுக்கு 127. 2025-ல் வினாத்தாள் கடினமாக இருந்ததால் அது 144, 113 என்று இறங்கியது. இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் இந்தியாவில் எந்த மருத்துவக் கல்லூரியிலும், மேனேஜ்மென்ட் கோட்டாவிலும், என்.ஆர்.ஐ. கோட்டாவிலும்கூடச் சட்டப்படி எம்.பி.பி.எஸ். சேர முடியாது. வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து மருத்துவம் பார்க்கவும் நீட் தகுதி வேண்டும். "தகுதி வராட்டியும் பரவாயில்லை, நாங்க பார்த்துக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தகுதி எல்லையைத் தாண்டியிருந்தால் அதன்பிறகு மார்க்கை மறந்துவிடுங்கள். அண்ணன் 2024-ல் வாங்கிய 500-ம் தங்கை 2025-ல் வாங்கிய 500-ம் ஒன்றல்ல. 2024-ல் பல பேர் 720-க்கு 720 வாங்கினார்கள், 2025-ல் நாட்டிலேயே அதிகபட்சம் 686. போன வருடக் கட்-ஆஃப் மார்க்கை வாட்சப்பில் பார்த்துவிட்டு அழுத பிள்ளைகளும் உண்டு, துள்ளிய பிள்ளைகளும் உண்டு. இரண்டுமே வீண். ஒப்பிட வேண்டியது ரேங்க்கைத்தான். அகில இந்திய ரேங்க் மார்க் ஷீட்டிலேயே இருக்கும். தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியல் விண்ணப்பித்த பிறகு வரும். அதில் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டும் தனித்தனியாக இருக்கும். நமக்குச் சோறு போடுவது அந்தச் சமூக ரேங்க்தான்.

நீங்கள் எந்தெந்த வரிசையில் நிற்கிறீர்கள்?

ரேஷன் கடையில் ஒரே வரிசை இருந்தால் கடைசியில் நிற்பவருக்கு மண்ணெண்ணெய் வராது. மருத்துவ சீட்டுக்குப் பல வரிசைகள் இருக்கின்றன. குறைந்த மார்க் வாங்கிய பிள்ளை தனக்கு உரிமையுள்ள எல்லா வரிசையிலும் நின்றாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சீட்டை இழப்பதில் பாதி, நிற்க வேண்டிய வரிசையில் நிற்காததால்தான்.

பெரிய வரிசை மாநில ஒதுக்கீடு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் இடங்களில் 85 சதவீதம் இதில் வரும். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு இதை நடத்துகிறது. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்கு விட்டுக்கொடுக்கும் இடங்களும், அதாவது சிறுபான்மை அல்லாத கல்லூரிகளில் 65 சதவீதமும் சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீதமும், இதே கலந்தாய்வில்தான் நிரம்பும். இங்கே 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி., சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 எல்லோருக்கும் பொது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதி முஸ்லிம் வீடுகள் கவனிக்க: சான்றிதழில் வெறும் பி.சி. என்று இல்லாமல் பி.சி. முஸ்லிம் என்று தெளிவாக இருக்க வேண்டும். அருந்ததியர் பிள்ளைகளுக்கு அந்த 3 சதவீதம் தவிர எஸ்.சி. இடங்களிலும் போட்டியிட உரிமை உண்டு. அதற்கும் எஸ்.சி. என்று மட்டும் போட்டுக் கொடுக்கப்பட்ட பழைய சான்றிதழைப் புதுப்பித்து அருந்ததியர் என்று வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது வரிசை 7.5 சதவீதம். மார்க் குறைந்த அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உயிர்நாடி இது. 2020-ல் சட்டமாக வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தங்களுக்குள்ளேயே போட்டி போடுகிறார்கள், அதனால் மற்ற வரிசையை விட மிகக் கீழே இருக்கும் மார்க்குக்கும் இடம் வரும். அதிலேயே சமூக ஒதுக்கீடும் உண்டு. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். "தனியார் காலேஜ் சார், எங்களால கட்ட முடியாது" என்று இந்த ஒதுக்கீட்டில் வந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லப் போன ஒரு தகப்பனாரை வாசலில் மறித்து உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது ஹவுஸ் சர்ஜன்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் பழைய மிஷன் பள்ளிகள் நிறைய. அவை அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டணம் இல்லாததால் அரசுப் பள்ளி என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் உதவி பெறும் பள்ளிகள் 7.5-ல் வராது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மலையில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் வரும். ஏழாவது மட்டும் உதவி பெறும் பள்ளியில், மற்றதெல்லாம் அரசுப் பள்ளியில் என்றாலும் போயிற்று. தங்கச்சி, தம்பி இன்னும் ஐந்தாவதில் இருந்தால் இதைக் கணக்கில் வைத்து ஆறாவது எங்கே என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது அகில இந்திய ஒதுக்கீடு. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்களை டெல்லியில் உள்ள எம்.சி.சி. என்ற மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களும் அங்கேதான். இங்கே பி.சி., எம்.பி.சி. என்ற பிரிவே கிடையாது. ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஈ.டபிள்யூ.எஸ். என்ற பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினர் 10. நாடு முழுவதிலிருந்தும் வந்து நிற்பதால் குறைந்த மார்க்குக்கு இங்கே வாய்ப்பு குறைவுதான், மறைக்கவில்லை. ஆனாலும் பதிந்து வையுங்கள். மாநில ஒதுக்கீட்டில் 1 சதவீதமே உள்ள நம் மலைகளின் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் இந்த எஸ்.டி. 7.5 சதவீதத்தைத் தொடாமல் விடவே கூடாது. பதிவுக்குப் பொதுப்பிரிவுக்கும் ஈ.டபிள்யூ.எஸ்.க்கும் 1000 ரூபாய், மற்றவர்களுக்கு 500, அது திரும்பாது. அது போக வைப்புத்தொகை 10,000 அல்லது 5,000, அது திரும்பும். நிகர்நிலைக்கும் சேர்த்துப் பதிந்தால் வைப்புத்தொகை 2 லட்சம் ஆகிவிடும், தேவையில்லாமல் அந்தப் பெட்டியை டிக் செய்யாதீர்கள்.

வேலூரில் பிறந்தவர்களுக்கு இன்னொரு நினைப்பு தானாக வரும்: சி.எம்.சி. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மா ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது, நம் ஊர்ப் பெருமை. ஆனால் எம்.பி.பி.எஸ். இடம் 100 மட்டுமே. கிறித்தவச் சிறுபான்மை நிறுவனம் என்பதால் அதில் பெரும்பகுதி திருச்சபைகளின் பரிந்துரை பெற்ற பிள்ளைகளுக்குப் போகும், கட்டணம் குறைவு என்பதால் போட்டியும் கடுமை. ஊர்க்காரர் என்பதற்குத் தனிச் சலுகை இல்லை. சபைப் பரிந்துரைக்கு வாய்ப்பு உள்ள வீடுகள் கல்லூரி அந்தந்த ஆண்டு வெளியிடும் குறிப்பேட்டை (பிராஸ்பெக்டஸ்) படித்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மற்றவர்கள் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

காகிதங்கள்

இந்த வேலையை முடிவு வருவதற்கு முன்பே, ஏப்ரலிலேயே செய்துவிடலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வரை போய்த் திரும்ப நாள் பிடிக்கும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நீட் ஹால் டிக்கெட், மார்க் ஷீட், விண்ணப்பத்தில் ஒட்டிய அதே போட்டோவில் பத்து பிரதி. 7.5-க்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. அதன் படிவம் தேர்வுக்குழுவின் குறிப்பேட்டிலேயே இருக்கும், சொந்த வாசகத்தில் எழுதி வாங்கினால் செல்லாது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கோடை விடுமுறையில் வெளியூர் போய்விட்டார் என்று அலைந்த பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். பள்ளி மூடுவதற்கு முன் போய்ப் பாருங்கள்.

பழங்குடி வீடுகளுக்கு: எஸ்.டி. சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். விசாரணை, அப்பாவின் சான்றிதழ், தாத்தாவின் பத்திரம் என்று இது மாதக்கணக்கில் இழுக்கும். பிள்ளை பதினொன்றாவதில் இருக்கும்போதே தொடங்குங்கள்.

இன்னொன்று, என் மனதை இன்றும் உறுத்துவது. மாநிலம் தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் டெல்லிக் கலந்தாய்வில் செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி வரம்பைத் தாண்டாதவர்) சான்றிதழ் தனியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் நல்ல ரேங்க்கோடு வந்த ஒரு மாணவனுக்கு இதை நான் சொல்ல மறந்துவிட்டேன். அவன் எம்.பி.சி. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு இருந்தான், அகில இந்திய வரிசையில் பொதுப்பிரிவாகத்தான் நிற்க முடிந்தது. அவனுக்கு மாநிலத்தில் வேறு இடம் கிடைத்தது என்றாலும், அன்றிலிருந்து ஜனவரியிலேயே வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பம்

விண்ணப்பம் முழுவதும் ஆன்லைனில்தான். அரசு ஒதுக்கீட்டுக்கு ஒன்று, மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டுக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். அரசு ஒதுக்கீட்டு விண்ணப்பத்திலேயே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவமான பி.டி.எஸ். இரண்டும் அடக்கம்.

பிரவுசிங் சென்டரில் போட்டால் பிள்ளையும் பக்கத்தில் உட்கார வேண்டும். சென்டர்காரர் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுவிடுவார், கலந்தாய்வு நடுவில் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பார். உங்கள் வீட்டு போன் நம்பர், பிள்ளையின் மெயில், பிள்ளையே எழுதி வைத்த பாஸ்வேர்டு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசி நாள் வரை தள்ளினால் தளம் திணறும். முடித்ததும் பி.டி.எஃப். எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள்.

விருப்பக் கல்லூரிப் பட்டியல்

சாய்ஸ் ஃபில்லிங் என்கிறார்களே, அதில்தான் குறைந்த ரேங்க்காரர்கள் கை நழுவ விடுகிறார்கள். நம் பிள்ளைகள் அடுக்கம்பாறையில் இருக்கும் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி, சென்னையில் இரண்டு என்று நான்கு போட்டுவிட்டு நிறுத்துவார்கள். அடுக்கம்பாறையில் இடம் 100, திருவண்ணாமலையிலும் 100. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அவை நமக்காகக் காத்திருக்காது.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன: விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி. மொத்தம் 1450 இடங்கள். புதிது, தூரம் என்று நல்ல ரேங்க்காரர்கள் தள்ளிப் போடும் கல்லூரிகளில்தான் நமக்குக் கதவு திறக்கும். எல்லாம் ஒரே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே பட்டம். ராமநாதபுரத்தில் படித்து வந்த டாக்டரிடம் குடியாத்தத்து நோயாளி எங்கே படித்தாய் என்று கேட்கப்போவதில்லை.

ஆகவே எல்லா அரசுக் கல்லூரிகளையும் போடுங்கள், ஒன்று விடாமல். அதற்கு அடுத்து, கட்ட முடியும் என்றால் மட்டும், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள். அடுத்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள். வரிசையை ஆசைப்படி அமையுங்கள். கிடைக்கும், கிடைக்காது என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்ற வேண்டாம். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து முதலில் காலியாக இருப்பதைத் தரும். மேலே பெரிய கல்லூரி போட்டதால் கீழே உள்ளது கை விட்டுப் போகாது. ஆனால் கட்ட முடியாத கல்லூரியைப் போட்டு, அது அலாட் ஆகி, சேராமல் விட்டால் பணமும் போகும், அடுத்த சுற்றும் சிக்கலாகும்.

முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்றால் அத்தோடு முடிந்ததாக நினைக்காதீர்கள். மேலே உள்ளவர்கள் எய்ம்ஸ், ஜிப்மர், அகில இந்திய இடம் என்று நகர நகர இங்கே காலியாகும். இரண்டாம், மூன்றாம் சுற்றில் நூற்றுக்கணக்கான ரேங்க் கீழே இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்ப விருப்பம் கொடுக்க வேண்டுமா என்று அறிவிப்பைப் படியுங்கள். தினம் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தளத்தைப் பாருங்கள். எம்.சி.சி.யில் முதல் சுற்றில் வந்த இடத்தை விட்டால் நட்டம் இல்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே சுற்றில் வாங்கிவிட்டுச் சேராமல் இருந்தால் அடுத்த ஆண்டு நீட்டே எழுத முடியாது. விளையாட்டாக அந்தச் சுற்றில் விருப்பம் கொடுக்க வேண்டாம்.

பணம்

அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் சமீப ஆண்டுகளில் 4.35 முதல் 4.5 லட்சம் வரை. மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டில் 13.5 லட்சம், என்.ஆர்.ஐ.யில் 24.5 லட்சம். எல்லாம் ஓர் ஆண்டுக்கு. கட்டண நிர்ணயக் குழு இதைத் திருத்தும், அந்தந்த ஆண்டு குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் விடுதி, சாப்பாடு, புத்தகம் சேராது. நான்கரை ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்து, வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. வீடுகளில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய். வங்கிக் கடன் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேல் ஈடு கேட்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், கூலி வேலை செய்யும் வீடு மேனேஜ்மென்ட் கோட்டாவைத் தொடக்கூடாது. இருக்கும் அரை ஏக்கரை விற்றாலும் முதல் ஆண்டைத் தாண்டாது. இரண்டாம் ஆண்டு கட்ட முடியாமல் பாதியில் நின்று வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தரகர்கள் வருவார்கள். உங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படியோ கிடைத்துவிடும். அவர்கள் தந்திரம் எளிமையானது: ஐம்பது வீட்டில் பணம் வாங்குவார்கள், அதில் ஏழெட்டுப் பிள்ளைக்குத் தன் ரேங்க்கிலேயே இடம் வரும், அதைத் தாங்கள் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வார்கள், மற்றவர்களிடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். கலந்தாய்வுக்கு வெளியே எம்.பி.பி.எஸ். இடம் கிடையாது. நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992 முதலே சட்டம் தடுக்கிறது. கட்டணத்தைக் கலந்தாய்வுத் தளத்திலோ கல்லூரியின் வங்கிக் கணக்கிலோ மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.

வெளிநாடு

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். 2021-ல் வந்த விதிகளை மட்டும் முதலில் கேளுங்கள்: படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில், அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க அனுமதி தரும் பட்டம், திரும்பி வந்து இங்கேயும் ஓராண்டுப் பயிற்சி. நடுவில் கல்லூரி மாறினால் சிக்கல். வந்த பிறகு எஃப்.எம்.ஜி.ஈ. என்ற தேர்வு, 300 கேள்விக்கு 150 எடுக்க வேண்டும். சமீப ஆண்டுகளில் பெரும்பாலான முறை எழுதுபவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார். நீட்டில் எல்லையை ஒட்டி வந்த பிள்ளைக்கு அந்தத் தேர்வு எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டுப் பாஸ்போர்ட் எடுங்கள்.

நீட் மார்க்கே கேட்காத கதவுகள்

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இதற்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் நீட் முடிவுக்கு முன்பே, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த சில நாட்களிலேயே திறந்து மூடிவிடும்.

நீட் குறைந்து, பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாக வாங்கிய பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது கால்நடை மருத்துவம். தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான் கணக்கு, நீட் இல்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், தேனி, உடுமலை என்று ஏழு அரசுக் கல்லூரிகள். அரசுப் பள்ளிக்கான 7.5 இங்கேயும் உண்டு. ஐந்தரை ஆண்டு, முடித்தால் டாக்டர்தான். மாடு, ஆடு இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் இல்லை, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கால்நடை டாக்டர் வந்தால் ஊரே கூடும். நம் பிள்ளைகள் இதை இரண்டாம் தரமாக நினைப்பது எனக்கு வருத்தம்.

இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். படிப்புக்கும் நீட் வேண்டாம், சென்னை அரும்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் அரசுக் கல்லூரி உண்டு. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., லேப் டெக்னாலஜி போன்றவற்றுக்கு அதே கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழு பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கில் தனிக் கலந்தாய்வு நடத்துகிறது. சி.எம்.சி.யின் நர்சிங்குக்கும் மற்ற மருத்துவத் துணைப் படிப்புகளுக்கும் அவர்களே தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். 1946-லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய இடம் அது.

நீட் தகுதி மட்டும் இருந்து ரேங்க் போதவில்லை என்றால் சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி. அதற்கு இந்திய மருத்துவ ஆணையரகத்தில் தனி விண்ணப்பம். எம்.பி.பி.எஸ். விண்ணப்பம் போட்டாயிற்று, அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். சித்தாவுக்குப் பாளையங்கோட்டையும் அரும்பாக்கமும், ஹோமியோவுக்குத் திருமங்கலமும் அரசுக் கல்லூரிகள். 7.5 இங்கும் உண்டு.

இன்னொரு வருடமா?

வயது உச்சவரம்பு இல்லை, இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கணக்கும் இல்லை. அதனால் எல்லோரும் ரிப்பீட்டர் ஆகிவிட வேண்டும் என்று இல்லை. விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். எத்தனை சரி, எத்தனை தவறு, எத்தனை விட்டது? 90 சரி, 60 தவறு என்றால் மார்க் 300. அந்த அறுபதையும் தொடாமல் விட்டிருந்தாலே 360. இப்படிக் குருட்டாம்போக்கில் போட்டு இழந்தது அதிகம் என்றாலோ, உயிரியல் நன்றாக வந்து இயற்பியல் மட்டும் இழுத்திருந்தாலோ ஒரு வருடம் பலன் தரும். மூன்று பாடமும் ஒரே மாதிரி கீழே கிடந்தால், அதுவும் ஒழுங்காகப் படித்தும் அப்படி என்றால், வேறு படிப்பில் சேர்ந்துகொள்வதே நல்லது. ஒருமுறை திரும்ப எழுதுவதை ஆதரிப்பேன். மூன்றாவது முறை என்று வருபவர்களிடம் வேறு படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதச் சொல்வேன். அப்படிச் சேர்ந்தால் அசல் சான்றிதழ்கள் அந்தக் கல்லூரியில் இருக்கும், அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்கு, அங்கே படிப்பதைக் காட்டும் போனபைட் சான்று வாங்கி வைக்க வேண்டும்.

கடைசியாக, கூப்பிட்டால்

7.5-க்கான முதல் சுற்று கடந்த ஆண்டுகளில் சென்னையில் நேரில் நடந்திருக்கிறது. அழைப்பு வந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள், முடியாவிட்டால் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் ரயில் தாமதமானால் உங்கள் ரேங்க் தாண்டிப் போய்விடும். அசல் எல்லாம் ஒரு பையில், இரண்டு செட் ஜெராக்ஸ் இன்னொரு பையில், சாப்பாடு தண்ணீர் மூன்றாவது பையில். காலியிடம் திரையில் ஓடும்போது நம் பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள், உள்ளே போய் நிற்கும்போது யோசிக்கச் சில நிமிடம்தான் கிடைக்கும். அலாட்மென்ட் தாளில் கல்லூரிப் பெயர், ஒதுக்கீடு, சேர வேண்டிய கடைசித் தேதி, கடைசி மணி எல்லாவற்றையும் அங்கேயே நின்று படித்துவிட்டு வெளியே வாருங்கள். மாற்றுச் சான்றிதழை மட்டும் சேரும் நாள் வரை யாரிடமும் தராதீர்கள், அதற்கு மட்டும் ஐந்து ஜெராக்ஸ்.